ஃபிட்னஸ் பேண்டில் எந்தப் பயிற்சிக்கு எந்த மோடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் பேண்டோ ஸ்மார்ட் வாட்ச்சோ கட்டியிருப்பவர்களில் பலர் அதில் இருக்கும் பயிற்சிப் பட்டியலைத் திறப்பதே இல்லை. திறந்தால் வாக்கிங், யோகா, நீச்சல் என்று ஐம்பது, நூறு பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் ஒவ்வொன்றும் ஒரு மோடு. எதைத் தொடுவது என்று தெரியாமல் மூடிவிடுவார்கள். வாக்கிங் போகிறவர்களும் ஜிம்முக்குப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கம்பெனிக்குக் கம்பெனி பட்டனும் பெயரும் மாறும். உள்ளே நடக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

நாள் முழுக்கக் கையில்தானே இருக்கிறது, தனியாக மோடு எதற்கு?

பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, சாதாரண நேரத்தில் பேண்ட் விட்டு விட்டுத்தான் கவனிக்கிறது. விலை குறைந்த பல பேண்டுகளில் இதயத் துடிப்பை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, 10 நிமிடத்துக்கு ஒருமுறை, 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். 30 நிமிடத்தில் வைத்துவிட்டு நீங்கள் இருபது நிமிடம் வேகமாகப் படி ஏறி இறங்கினால், அந்த உழைப்பு துடிப்புக் கணக்கில் வராமலே போய்விடலாம். ஃபிட்பிட் கருவிகள் சாதாரண நேரத்தில் 5 விநாடிக்கு ஒருமுறை துடிப்பைப் பதிகின்றன. பயிற்சியைத் தொடங்கிவிட்டால் விநாடிக்கு ஒருமுறை. ஆப்பிள் வாட்ச் பயிற்சி முடிந்த பிறகும் 3 நிமிடம் தொடர்ந்து அளந்து, துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று காட்டும். தேறிவரும் உடலைப் பற்றி அந்த மூன்று நிமிடம் சொல்வது நிறைய. மோடைத் தொடாமல் நடந்தால் அது கிடைக்காது.

எந்த மோடாக இருந்தால் என்ன? துடிப்பு ஒன்றுதானே?

துடிப்பு ஒன்றுதான். ஆனால் பேண்டுக்குக் கண் கிடையாது. கை எப்படி அசைகிறது, தோலுக்கு அடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது, ஜிபிஎஸ் இருந்தால் எங்கே இருக்கிறீர்கள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் சைக்கிளில் போகிறீர்களா, பேட்மிண்டன் ஆடுகிறீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மோடு என்பது பேண்ட் உங்களுக்குத் தரும் தகவல் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அது நீங்கள் பேண்டுக்குத் தரும் தகவல்.

அதை வைத்து அது மூன்று முடிவுகளை எடுக்கிறது. எந்த சென்சாரை இயக்குவது: அவுட்டோர் ரன்னிங் என்றால் ஜிபிஎஸ், ட்ரெட்மில் என்றால் கை அசைவு மட்டும். எந்தச் சூத்திரத்தில் கலோரி கணக்கிடுவது. திரையில் எதைக் காட்டுவது: ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், சைக்கிளுக்கு மணிக்கு எத்தனை கிலோமீட்டர், நீச்சலுக்கு எத்தனை லேப், அதாவது குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை முறை. தப்பான மோடில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் உங்கள் உடம்புக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் அந்த எண்களைப் போன வார எண்களோடு ஒப்பிட முடியாது.

மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறேன். அவுட்டோர் வாக் என்று போட்டால் தூரம் கன்னாபின்னாவென்று வருகிறதே?

வெளியே நடந்தாலும் இதற்கு இண்டோர் வாக்தான் சரி. திறந்த வானத்தின் கீழேயே கையில் கட்டும் ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிழை இயல்பு. நேராக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அந்தப் பிழை கரைந்துவிடும். பத்துப் பதினைந்து அடிக்குள் வளைந்து வளைந்து எட்டு போடும்போது, பிழையே நீங்கள் போடும் எட்டை விடப் பெரிதாகிவிடுகிறது. வரைபடத்தில் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து வந்ததுபோல் கோடு தெரிவது அதனால்தான். மாடியில், வராண்டாவில், அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் நடப்பவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். இண்டோர் மோடில் காலடி எண்ணிக்கையை உங்கள் காலடி நீளத்தால் பெருக்கித் தூரம் வரும். காலடி நீளத்தை உயரத்தை வைத்துத்தான் பேண்ட் ஊகிக்கிறது, 170 செ.மீ. உயரம் உள்ளவருக்குச் சுமார் 70 செ.மீ. வளைவில் காலடி சுருங்கும் என்பதால் எட்டு நடையில் தூரம் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். எட்டு நடையில் தூரத்தை விட்டுவிட்டு நிமிடத்தைக் கணக்கு வையுங்கள்.

சாலையிலோ பூங்காவிலோ நடக்கும்போது அவுட்டோர் வாக் போடுங்கள். ஆனால் ஸ்டார்ட் அழுத்திய கையோடு ஓடத் தொடங்காதீர்கள். செயற்கைக்கோள்களைப் பிடிக்க அரை நிமிடத்திலிருந்து சில நிமிடம் வரை ஆகலாம், அதிலும் ஊர் மாறி வந்திருந்தால் கூடுதலாக ஆகும். பிடித்துவிட்டது என்று திரை காட்டிய பிறகு கிளம்பினால் முதல் கிலோமீட்டர் சரியாக வரும். உங்கள் பேண்டில் சொந்த ஜிபிஎஸ் இல்லாமல் போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும் வகை என்றால், போன் கூடவே வர வேண்டும். செயலிக்கு இருப்பிட அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் நடக்கிறார், ஸ்டெப்ஸ் பாதிதான் வருகிறது. பேண்ட் பழுதா?

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறாரா என்று பாருங்கள். பெரியவர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. காலடி எண்ணப்படுவது கால் அசைவால் அல்ல, மணிக்கட்டின் ஆட்டத்தால். கையைக் கட்டினால், குடை பிடித்தால், பேரனின் தள்ளுவண்டியைத் தள்ளினால், காய்கறிப் பை தூக்கினால் எண்ணிக்கை குறையும். அவுட்டோர் வாக் மோடைப் போட்டுக் கொடுத்தால் தூரத்தை ஜிபிஎஸ்ஸும் துடிப்பை சென்சாரும் பிடித்துக்கொள்ளும். ஸ்டெப்ஸ் குறைந்தாலும் நடை பதிவாகிவிடும். நடையைக் குறுக்குவழியில் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு பட்டனில் வைத்துக் கொடுங்கள். அந்த வயதில் பட்டியலைத் தேடச் சொல்வது அவர்களை அலுப்படைய வைக்கும்.

பத்தாயிரம் என்ற இலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதிய அளவாகத் தொடங்கவில்லை. எழுபது வயதுக்காரர் அதை எட்டவில்லை என்று வருந்தத் தேவையில்லை.

ட்ரெட்மில் 5 கிலோமீட்டர் காட்டுகிறது, வாட்ச் 4.3 காட்டுகிறது. எதை நம்புவது?

பெல்ட் எவ்வளவு ஓடியது என்று ட்ரெட்மில்லுக்குத்தான் தெரியும். வாட்ச் கை அசைவிலிருந்து ஊகிக்கிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் அந்த ஊகமும் போய்விடும். கையை விட்டு நடந்து பாருங்கள். பிறகு ஒருநாள் திறந்த வெளியில், ஜிபிஎஸ்ஸோடு, உங்கள் வழக்கமான வேகத்தில் 20 நிமிடம் நடந்தோ ஓடியோ வாருங்கள். பல வாட்ச்கள் அதிலிருந்து உங்கள் காலடி நீளத்தைக் கற்றுக்கொண்டு ட்ரெட்மில் கணக்கைத் திருத்திக்கொள்ளும். சிலவற்றில் பயிற்சி முடிவில் மெஷின் காட்டிய தூரத்தை நீங்களே பதிந்து சரிசெய்யலாம். ஒன்று மட்டும்: ஏற்றம் வைத்து நடந்தால் அது வாட்ச்சுக்குத் தெரியாது, துடிப்பு ஏறுவதில்தான் அது வெளிப்படும்.

ஓட ஆரம்பித்த ஒரே நிமிடத்தில் துடிப்பு 175 காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

மூச்சு அந்த அளவுக்கு வாங்கவில்லை என்றால், பெரும்பாலும் அது உங்கள் துடிப்பே இல்லை. பேண்டின் அடியில் மின்னும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பேண்ட் எண்ணுகிறது. ஓடும்போது கை ஆடுவதாலும் ஒளி அதேபோல் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 160 முதல் 180 காலடி வைத்து ஓடுகிறவர் ஏராளம். பேண்ட் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதையே துடிப்பாகக் காட்டும்.

தளர்வாகக் கட்டியிருந்தால் இது அடிக்கடி நடக்கும். பயிற்சியின்போது மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை மேலே ஏற்றி, நகராத அளவுக்கு இறுக்குங்கள், முடிந்ததும் தளர்த்துங்கள். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அந்த மை ஒளியைத் தடுக்கும், மறு கையில் கட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மார்பில் கட்டும் ஸ்ட்ராப் உண்டு; அது இதயத்தின் மின் அலையை நேராக அளப்பது, ப்ளூடூத்தில் வாட்ச்சோடு இணையும். கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தும் அதே 175 வந்தால், அல்லது மயக்கம், நெஞ்சு இறுக்கம் இருந்தால், பேண்டைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஜிம்மில் வெயிட் தூக்குகிறேன். வியர்த்து ஊற்றுகிறது, வாட்ச்சில் துடிப்பு 95 தாண்டவில்லை.

வெயிட் பயிற்சிதான் மணிக்கட்டு சென்சாருக்கு மிகக் கடினமான பாடம். கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டுத் தசைநார்கள் புடைத்து, பேண்ட் தோலிலிருந்து லேசாக எழும்புகிறது. ரத்த ஓட்டமும் அந்த இடத்தில் மாறுகிறது. ஒரு செட் முப்பது நாற்பது விநாடிதான். பேண்ட் சுதாரித்து உண்மையான எண்ணைப் பிடிப்பதற்குள் நீங்கள் கம்பியைக் கீழே வைத்துவிடுகிறீர்கள்.

இருந்தாலும் ஸ்ட்ரெங்த் மோடையே போடுங்கள். செட், ஓய்வு நேரம், மொத்த நேரம் பதிவாகும், அவைதான் இங்கே பயன்படும் எண்கள். எத்தனை ரெப், அதாவது ஒரு செட்டில் எத்தனை முறை தூக்கினீர்கள் என்று தானாக எண்ணும் வாட்ச்கள் கை அசைவை வைத்தே எண்ணுகின்றன. பைசெப் கர்ல் சரியாக வரும். கம்பியைத் தோளில் வைத்து ஸ்குவாட் போட்டால் கை அசையாது. லெக் பிரெஸ்ஸில் சுத்தமாக வராது. அதைக் கையால் திருத்திக்கொள்ளலாம். எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்பது எந்த வாட்ச்சுக்கும் தானாகத் தெரியாது, நீங்கள் எழுதினால்தான் உண்டு. வலு கூடுகிறதா என்று சொல்லும் எண் அதுதான்.

யோகாவுக்கு மோடு போட்டால் கலோரி மிகக் குறைவாக வருகிறதே?

குறைவுதான், அது சரியான கணக்கும்கூட. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பின் செலவை 1 என்று வைத்து ஒவ்வொரு செயலும் அதைப்போல எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு மெட். பலவகை உடலுழைப்புக்கு இந்த மதிப்பைத் தொகுத்த பட்டியல் ஒன்று அமெரிக்காவில் 1993-ல் முதலில் வெளிவந்து, பிறகு பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2011 பதிப்பில் ஹட யோகா 2.5, சூரிய நமஸ்காரம் 3.3, நாடிசோதன மூச்சுப் பயிற்சி 2. மிதமான வேகத்தில் நடப்பது சுமார் 3.5. யோகாவில் கலோரியைத் தேடுவது அதை அளக்கும் முறையே அல்ல. மோடு போடுவதால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்ற ஒழுங்கு பதிவாகிறது, அதற்காகப் போடுங்கள்.

அதோமுக ஸ்வானாசனம்போலக் கையை ஊன்றும் ஆசனங்களில் மணிக்கட்டு மடிந்து வாட்ச்சின் பட்டன் அழுந்திப் பயிற்சி நின்றுவிடும். முன்கையில் நன்றாக மேலே ஏற்றிவிட்டால் தொல்லை இல்லை.

பேட்மிண்டனுக்கு எந்தக் கையில் கட்டுவது?

ராக்கெட் பிடிக்காத கையில். ஸ்மாஷ் அடிக்கும் கையில் அதிர்ச்சி அதிகம், துடிப்பு தாறுமாறாக வரும். எந்தக் கை என்று செயலியிலும் மாற்றிவிடுங்கள். எத்தனை ஷாட் என்று எண்ணித் தரும் சில வாட்ச்களுக்கு மட்டும் ராக்கெட் கை தேவை. யோகா கேள்வியில் சொன்ன மெட் பட்டியலில் பொழுதுபோக்காக ஆடும் பேட்மிண்டனுக்கு 5.5 மெட், போட்டியாக ஆடினால் 7. கிரிக்கெட் 4.8தான், ஏனென்றால் நிற்கும் நேரம் அதிகம்.

சிலம்பம், கபடி, கும்மி. எதுவுமே பட்டியலில் இல்லையே?

பல கருவிகளில் இல்லை என்பது வருத்தம்தான். பெயரைத் தேடாமல் உடம்பு செய்யும் வேலையைத் தேடுங்கள். சிலம்பத்துக்கு மார்ஷியல் ஆர்ட்ஸ், கும்மிக்கும் கரகத்துக்கும் டான்ஸ், கபடிக்கு இடைவெளி விட்டுக் கடுமையாக உழைக்கும் எச்ஐஐடி மோடு கிட்டத்தட்டப் பொருந்தும். கபடி, சிலம்பம் இரண்டிலும் கையில் கருவி கட்டி ஆடுவது எதிரில் இருப்பவருக்கும் உங்களுக்கும் காயம் தரும். பயிற்சி நேரத்தில் தனியாகச் செய்யும்போது மட்டும் கட்டுங்கள், அல்லது துடிப்பு அளக்கும் பட்டையை மேல் கையில் மாட்டுங்கள்.

எதுவும் பொருந்தாவிட்டால் 'அதர்' என்ற பொது மோடு இருக்கிறது. ஆப்பிள் வாட்ச்சில் அதைப் போட்டால், சென்சார் அளவு கிடைக்காத நேரத்துக்கு வேகநடைக்கு உரிய கலோரியைக் கணக்கில் வைக்கும். முக்கியமானது, இந்த மாதம் டான்ஸ், அடுத்த மாதம் அதர் என்று மாற்றாமல் ஒன்றிலேயே நிற்பது.

கிரிவலம் போகும்போது என்ன மோடு?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சராசரி உயரத்தில் அது சுமார் 20,000 காலடி. அவுட்டோர் வாக் பொருத்தம். பௌர்ணமிக் கூட்டத்தில் மெதுவாக ஊர்ந்து, எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று போவதால், நடை முடிய நாலைந்து மணி நேரம் ஆகலாம். அத்தனை நேரம் ஜிபிஎஸ் ஓடினால் சின்ன பேண்டுகளின் பேட்டரி தாங்காது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கிளம்புங்கள், எப்போதும் எரியும் திரையை அணைத்துவிடுங்கள். ஆட்டோ பாஸ் என்ற தானாக நிறுத்தும் வசதியையும் அணைப்பது நல்லது. கூட்டத்தோடு ஊரும்போது நின்றதா நடந்ததா என்று தெரியாமல் அது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பும்.

பழனி, திருச்சி மலைக்கோட்டை போன்ற படி ஏற்றங்களில் மாடி எண்ணிக்கை வேண்டுமென்றால் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்க வேண்டும். சுமார் 3 மீட்டர் ஏறினால் ஒரு மாடி என்று அது கணக்கிடும். விலை குறைந்த பேண்டுகளில் அந்த சென்சார் பெரும்பாலும் இருக்காது.

நீச்சலில் லேப் கணக்கு தப்பாக வருகிறது.

குளத்தின் நீளத்தை முதலில் சரியாகப் போட்டீர்களா? 25 மீட்டர் குளத்தை 50 என்று வைத்திருந்தால் தூரம் இரட்டிப்பாகும். சுவரைத் தள்ளித் திரும்பும் வேகத்தை வைத்து லேப் எண்ணப்படுகிறது, நடுவில் நின்றால் குழம்பும். பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடித்தால் கை அசையாததால் அந்த லேப் விடுபடும். அபார்ட்மெண்ட் குளம் ரொம்பச் சின்னதாக இருந்தால் பல வாட்ச்கள் அந்த நீளத்தை ஏற்காது. ஊர்க் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்துகிறவர்கள் நேரத்தை மட்டும் பதிவதே சரி. கடலிலும் ஏரியிலும் நேராகத் தூரம் போகிறவர்களுக்கு ஓப்பன் வாட்டர் மோடு, அதில் கை தண்ணீருக்கு மேலே வரும் நொடிகளில்தான் ஜிபிஎஸ் கிடைக்கும். தண்ணீருக்குள் துடிப்பு அளவும் தடுமாறும்.

5 ஏடிஎம் என்று எழுதியிருந்தால் நீச்சலுக்குப் போதும். அது அசையாத தண்ணீரில் 50 மீட்டர் ஆழ அழுத்தம் தாங்கும் என்று பொருள், 50 மீட்டர் ஆழத்துக்கு முக்குளிக்கலாம் என்று பொருளல்ல. கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரும் சோப்பும் அதன் ரப்பர் அடைப்புகளுக்கு ஆகாது.

சக்கர நாற்காலியில் இருக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?

ஆப்பிள் வாட்ச்சில் 2016 முதல் சக்கர நாற்காலி மோடு உண்டு. காலடிக்குப் பதில் கையால் தள்ளும் எண்ணிக்கையை அது கணக்கிடும், எழுந்து நிற்கச் சொல்லும் நினைவூட்டலும் மாறிவிடும். எல்லாக் கம்பெனிகளும் இதைச் செய்ய வேண்டும். வாங்கும் முன் கடையில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

400 கலோரி எரித்தேன் என்று காட்டுகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஏழு கருவிகளை 60 பேரின் கையில் கட்டிச் சோதித்தது. ஏழில் ஆறு கருவிகளின் துடிப்புக் கணக்கு 5 சதவீதப் பிழைக்குள் இருந்தது. கலோரியில் மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன, ஆனால் மணிக்கட்டிலிருந்து கலோரியை ஊகிக்கும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு குழப்பம்: சில கருவிகள் மொத்தக் கலோரியைக் காட்டும், சில பயிற்சியால் கூடுதலாகச் செலவானதை மட்டும் காட்டும். 65 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் மிதமாக நடந்தால் மொத்தம் சுமார் 230. அதில் 65, சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மீதி 160 சொச்சம்தான் நடையின் பங்கு. செயலியில் உங்கள் எடையையும் வயதையும் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு பதிந்த எடை என்றால் கணக்கும் அந்தப் பழைய உடம்புக்குத்தான்.

ஸோன் என்று ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் காட்டுகிறதே, அது எதை வைத்து?

லேசானது, மிதமானது, கடுமையானது என்று துடிப்பை வைத்து உழைப்பைப் பிரிக்கும் படிகள்தான் ஸோன். உங்கள் உச்சத் துடிப்பை வைத்து அவை பிரிக்கப்படுகின்றன. பெரும்பாலும் 220-லிருந்து வயதைக் கழிப்பார்கள். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரம் 2001-ல் வந்தது. 65 வயதுக்காரருக்கு முதலாவது 155 சொல்லும், இரண்டாவது ஏறக்குறைய 162. இரண்டுமே சராசரிதான், தனி மனிதருக்கு 10, 15 கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம்.

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவை துடிப்பைக் குறைத்து வைக்கும் மாத்திரைகள். நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் பேண்ட் 'லேசான பயிற்சி' என்றே காட்டலாம். சிவப்பு ஸோனை எட்ட வேண்டும் என்று கூடுதலாக ஓடாதீர்கள். உங்களுக்கு எந்த எல்லை சரி என்று மருத்துவரிடம் கேட்டு, செயலியில் அந்த எண்ணைக் கையால் பதியுங்கள். மாத்திரை இல்லாதவர்களுக்கும் எளிய அளவுகோல் உண்டு: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு, அதோடு இரண்டு நாள் வலுப் பயிற்சி.

வெயில் காலத்தில் அதே நடைக்குத் துடிப்பு கூடுதலாக இருக்கும். சென்னைபோன்ற கடலோர ஊரில் மே மாதப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டியிருக்கிறது, இதயம் அதற்கும் சேர்த்து வேலை செய்கிறது. மார்கழி எண்ணோடு அதை ஒப்பிட்டு உடம்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தானாகவே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா?

நடைக்கும் ஓட்டத்துக்கும் ஓரளவு போதும். பத்து, பதினைந்து நிமிடம் தொடர்ந்து அசைந்தால்தான் பெரும்பாலானவை விழித்துக்கொள்ளும். யோகாவையும் வெயிட்டையும் அநேகமாகக் கண்டுகொள்ளாது. மேடு பள்ளச் சாலையில் பைக் ஓட்டினால் அந்தக் குலுக்கலையும் சில பேண்டுகள் காலடியாக எண்ணும்.

ஸ்டாப் அழுத்த மறந்து அப்படியே வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன செய்வது?

ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் பதிவின் முன், பின் பகுதியை வெட்டும் வசதி உண்டு. உங்கள் செயலியில் இல்லாவிட்டால் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதாக ஒரு பதிவு உள்ளே கிடந்தால் உங்கள் சிறந்த நேரம், சராசரி வேகம் எல்லாம் அதை வைத்தே காட்டப்படும்.

ஜிபிஎஸ் பதிவை எல்லாரும் பார்க்க முடியுமா?

நீங்கள் அனுமதித்தால் முடியும். ஸ்ட்ராவா பயனர்களின் பாதைகளைத் தொகுத்து வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உட்புற வழிகள்கூடத் தெரிகின்றன என்று 2018 ஜனவரியில் செய்தி வந்தது. ராணுவத்தின் கதையை விடுங்கள். தினமும் காலை ஐந்தரைக்கு ஒரே வாசலிலிருந்து கிளம்பி ஒரே தெருவில் தனியாக ஓடும் ஒரு பெண்ணின் பாதை யார் கண்ணிலும் படக் கூடாது. செயலியின் தனியுரிமை அமைப்பில் பதிவுகளை 'எனக்கு மட்டும்' என்று மாற்றுங்கள். நண்பர்களோடு பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் வரும் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியை இயக்கிவிட்டுப் பகிருங்கள். பழைய பதிவுகளுக்கும் அது பொருந்துகிறதா என்று ஒன்றைத் திறந்து சரிபாருங்கள்.